மாற்றுச் சிகிச்சைக்கு முந்திய மாதங்கள்: படுவான்கரைக் கணவர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். மனைவிக்கு 52 வயது, ஆசிரியை. தீராத முதுகு வலியில் தொடங்கி, மல்டிபிள் மயலோமா என்ற இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலில் பொர்டிசோமிப் ஊசி போடுகிறார்கள். கூடவே சைக்ளோபொஸ்பமைட், டெக்ஸாமெதசோன் குளிசைகள். சில சுற்றுகள் முடிந்ததும் கொழும்புக்கு அருகே மஹரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பி ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்வதாகத் திட்டம். “குளிசை எடுக்கும் நாளில் என்மேல் எரிந்து விழுகிறாள், இரண்டு நாள் கழித்து அழுகிறாள். வீடு நிறையச் சனம். என்ன சமைப்பதென்றும் தெரியவில்லை. நான் என்னதான் செய்ய வேண்டும்?”

தம்பி, இந்தக் கட்டத்தில் பெரும்பாலான கணவன்மார் தைரியம் சொல்வதையே தங்கள் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் தாதியாக வேலை பார்த்த காலமெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று “ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்” என்பார்கள். நேற்று எத்தனை தடவை வாந்தி, கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று கேட்டால் விழிப்பார்கள். உங்கள் மனைவிக்குத் தேவை கவனித்து எழுதி வைக்கும் ஆள். ஒரு பயிற்சிக் கொப்பி வாங்குங்கள். திகதி, எடுத்த மருந்து, வெப்பநிலை, சாப்பாடு, மலம், தூக்கம், வலி எங்கே என்று நாளுக்கு நான்கு வரி போதும். கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதுவது அவர் கண்ட ஐந்து நிமிடத்தை. மற்ற ஆறு நாளும் உங்களிடம்தான் இருக்கிறது.

மாற்றுச் சிகிச்சைதான் வரப்போகிறதே, அதற்கு முன்னர் ஏன் இத்தனை மாத மருந்து என்று உங்கள் கடிதத்தில் ஒரு சலிப்புத் தெரிகிறது. படுவான்கரைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. விதைநெல் எடுக்கப்போகும் வயலில் முதலில் களையைப் பிடுங்குவீர்கள்தானே? இதுவும் அப்படித்தான். மயலோமா என்பது எலும்பு மச்சையில் உள்ள பிளாஸ்மா கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. முதலில் நான்கு முதல் ஆறு சுற்று மருந்தால் அவற்றை இயன்றவரை குறைப்பார்கள். பிறகு அவருடைய ஸ்டெம் செல்களையே, அதாவது புது இரத்தத்தை உண்டாக்கும் மூலக் கலங்களையே, இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துச் சேமிப்பார்கள். அதன் பின்னர் மெல்பலான் என்ற மருந்தை மிகப் பெரிய அளவில் ஏற்றி மச்சையைத் துடைத்தெடுத்துவிட்டு, சேமித்த கலங்களைத் திருப்பி ஏற்றுவார்கள். வேறு ஆளிடம் தானம் பெறும் வகை இதுவல்ல. ஆகவே “அண்ணனுடையது பொருந்துமா, தங்கையுடையது பொருந்துமா” என்று இப்போதே குடும்பத்தைக் கூட்டி வைக்க வேண்டியதில்லை. திருவிழா, கல்யாணம் என்று ஒரு சுற்றைத் தள்ளிப்போடாமல் இருப்பதுதான் முக்கியம். சுற்றுகள் இழுபட்டால் அடங்கிய நோய் தலை தூக்கும். கலங்கள் சேகரிக்கும் நாளும் தள்ளிப்போகும்.

இனி அந்த எரிந்து விழுதல். டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீரொய்ட். மயலோமாவுக்குக் கொடுக்கும் அளவு சாதாரண அளவல்ல. பலருக்கு வாரத்தில் ஒரு நாள் 40 மில்லிகிராம் வரை, அதாவது ஒரு கை நிறையக் குளிசை. அன்றிரவு தூக்கம் வராது. மனம் நான்கு பக்கமும் ஓடும். இரண்டு மணிக்கு எழும்பி அலுமாரியை அடுக்குவார். நீங்கள் கதவைச் சத்தமாகச் சாத்தினால் அது பத்து வருடத்துப் பழைய வழக்காக மாறும். மருந்தின் வேகம் இறங்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பு துவண்டு, காரணமில்லாத அழுகை வரும். குளிசை எடுக்கும் நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அதற்கடுத்த மூன்று நாட்களையும் குறியுங்கள். சில வாரங்களில் ஒழுங்கு உங்களுக்கே பிடிபடும். அந்த நாட்களில் காசுக் கணக்கு, மகளின் கல்யாணப் பேச்சு, காணிப் பிரச்சினை எதையும் எடுக்காதீர்கள். பிறகு அமைதியான ஒரு நாளில் அந்த நாட்காட்டியை அவரிடமே காட்டுங்கள். தன் புத்தி கெட்டுப்போகவில்லை, குளிசை செய்கிற வேலை இது என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கும். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் “இது டெக்ஸா பேசுகிறது” என்று சொல்லிவிடாதீர்கள். எந்த மனைவிக்கும் அது எண்ணெய் ஊற்றுவதுதான்.

குளிசையைக் காலையில், சாப்பிட்ட பின் கொடுங்கள். மாலையில் கொடுத்தால் இரவு முழுதும் விழிப்பு. முன்பு சீனி வருத்தம் இல்லாதவருக்கும் இது இரத்தச் சீனியை ஏற்றும். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சோதியுங்கள். தூக்கமின்மையோ குழப்பமோ கடுமையானால் வைத்தியர் அளவைக் குறைப்பார். வீட்டில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அடுத்தது காய்ச்சல். மேலே எழுதியதெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதி மறக்கக் கூடாது. மயலோமாவில் நோயே எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடுகிறது, டெக்ஸா மேலும் குறைக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில்தான் தொற்று அபாயம் அதிகம். வெப்பநிலை 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹைட் தொட்டால் மறுபேச்சில்லாமல் வைத்தியசாலை. இரவு ஒரு மணியாக இருந்தாலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மாரி காலத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு பழக்கம் உண்டு: பனடோல் இரண்டு கொடுத்து, டெங்குவாக இருக்குமோ என்று மூன்றாம் நாள் வரை பார்ப்பது. உங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் கிடையாது. அளக்காமல் பனடோல் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று உள்ளே ஓடும். டெக்ஸாவும் காய்ச்சலை மறைக்கும். ஆகையால் வெப்பநிலை ஏறாமலே நடுக்கம், குளிர், மூச்சு வாங்குதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு வந்தாலும் கிளம்புங்கள். வெளிநோயாளர் வரிசையில் நிற்காதீர்கள். நேரே அவசரப் பிரிவில், “புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நோயாளி, காய்ச்சல்” என்று முதல் வசனத்திலேயே சொல்லிக் கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும். கூச்சப்பட்டு ஓரமாக நிற்கும் நேரமல்ல.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு நீங்கள் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெள்ளம் வந்தால் படுவான்கரையின் உள்வீதிகள் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் சிகிச்சை விழுந்தால், மழை அறிவிப்பு வந்த உடனேயே அவரை வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை. வாகனம் வைத்திருக்கும் இரண்டு பேரின் இலக்கத்தைச் சுவரில் எழுதுங்கள். ஒருவர் எப்போதும் எடுக்கமாட்டார்.

இந்த நோய் எலும்பை அரிக்கிறது. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் அவர் தூக்கக் கூடாது. குண்டும் குழியுமான கிரவல் பாதையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிச் செல்வதை இன்றோடு நிறுத்துங்கள். திடீரென்று முதுகு வலி கூடி, கால் வலுவிழந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ முள்ளந்தண்டு நரம்பு நசிபடலாம், அன்றே வைத்தியசாலை. பொர்டிசோமிப் நரம்பைத் தாக்கும். பாதத்தில் எரிவு, விறைப்பு, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது எல்லாம் அதன் அடையாளம். “வயசாகிறது” என்று அவர் தள்ளிவிடுவார். நீங்கள் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். ஆரம்பத்தில் சொன்னால் அளவை மாற்றலாம், முற்றிய நரம்புச் சேதம் திரும்புவது கடினம். இதே ஊசி அக்கி வரவும் வழி செய்யும். அதற்காகத்தான் அசைக்ளோவியர் கொடுத்திருப்பார்கள். நோவும் எரிவும் இல்லாததால் பலர் அந்தக் குளிசையைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

வலிக்கு டைக்ளோபெனக், ஐபுப்ரோபன் போன்றவற்றைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மயலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படுகிறது. தண்ணீர்தான் அதற்குப் பாதுகாப்பு. வைத்தியர் கட்டுப்பாடு போடாவிட்டால் நாளுக்கு இரண்டு, மூன்று லீற்றர். நாட்டு மருந்துக் கசாயம், முள்சீத்தா, டெங்குக்குக் கொடுப்பதுபோல் பப்பாசி இலைச் சாறு என்று ஆளாளுக்குக் கொண்டு வருவார்கள். வாங்கி வையுங்கள், நன்றி சொல்லுங்கள், கொடுக்காதீர்கள். பச்சைத் தேயிலைச் சாறு பொர்டிசோமிப்பின் வேலையைத் தடுப்பதாக ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். கிரீன் டீயும் வேண்டாம். நாங்கள் குடிக்கும் பிளேன்டீக்கு இந்தத் தடை இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிடக் குறைவான கவலையே தேவை. “புற்றுநோய்க்காரர் மீன் தின்னக் கூடாது, இறைச்சி தின்னக் கூடாது” என்று பட்டியல் போடுபவர்களைக் கேட்காதீர்கள். இந்த மாதங்களில் அவர் எடை குறையாமல் இருப்பது பெரிய காரியம். புரதம் வேண்டும். வாவி மீனும் இறாலும் நண்டும் நன்றாக வெந்தால் நல்லதுதான். முட்டையை மஞ்சள் கரு இறுகும்வரை அவியுங்கள். அன்று சமைத்ததை அன்றே, சூடாகச் சாப்பிட வேண்டும். பழஞ்சோறு வேண்டாம். எங்கள் மண்ணின் பெருமையான சட்டித் தயிரையும் கொஞ்சக் காலம் மறக்க வேண்டியிருக்கும். காய்ச்சாத பாலில், திறந்த சட்டியில் உறைந்தது எது என்று கடையில் தெரியாது. தேங்காய்ச் சம்பலை அரைத்த உடனே கொடுத்தால் சரி, மதியம் வரை மேசையில் இருந்ததைக் கொடுக்காதீர்கள். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். வாய் கசந்தால் தேசிக்காய் பிழிந்த சொதியும் இடியப்பமும் இறங்கும். மலச்சிக்கல் இந்த ஊசியோடு வரும், வலிக் குளிசையோடு இன்னும் கூடும். மூன்று நாள் போகவிடாமல் முதல் நாளே சொல்லுங்கள். மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பிரிவு தனியாக ஒரு சாப்பாட்டுப் பட்டியல் தரும், அப்போது அதன்படி நடந்தால் போதும்.

மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாட்களில் வாந்தியையோ சிறுநீரையோ துடைக்க நேர்ந்தால் கையுறை போடுங்கள், மலசலகூடத்தில் தண்ணீரை இரண்டு முறை ஊற்றுங்கள். தாம்பத்தியத்துக்குத் தடை என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆணுறை அவசியம். இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும், அதனால் நானே எழுதிவிட்டேன்.

வீடு நிறையச் சனம் என்கிறீர்கள். எங்கள் வழக்கப்படி நீங்கள் இருப்பது மனைவியின் வீடு. வருகிறவர்களும் அவருடைய தாய், சகோதரிகள், அவர்களுடைய பிள்ளைகள். அவர்களை வாசலில் மறிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. மாமியைக் கூட்டாளியாக்குங்கள். அவரைக் கிளினிக்குக்கு ஒரு முறை கூட்டிச்சென்று, வைத்தியர் வாயாலேயே கேட்க வையுங்கள். அதன் பிறகு வாசலை மாமியே பார்த்துக்கொள்வார். உங்களைவிட நன்றாகவே பார்ப்பார். முற்றத்தில் கதிரை போட்டு, பத்து நிமிடம், இருமல் தடிமன் உள்ளவர் இல்லை, அவ்வளவுதான் சட்டம். பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் வந்தால் எங்கள் ஊரில் வெளியே சொல்லமாட்டார்கள், அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி அடக்கமாக இருப்பார்கள். இதை மட்டும் எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அப்படி யாருக்காவது இருந்தால் உடனே அறிவிக்க வேண்டும். அந்தப் பிள்ளையோடு உங்கள் மனைவி ஒரே அறையில் இருந்திருந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும். சடங்கின் நிறைவான குளிர்த்திக்குப் போகாமல் எப்படி என்று அவர் கேட்பார். நேர்த்திக்கடன் வைத்திருந்தால் நீங்களோ மகனோ அவருக்காக நிறைவேற்றலாம். கூட்டத்தில் நெரிபடுவதும், விரதமிருந்து வெறும் வயிற்றில் டெக்ஸா எடுப்பதும் கூடாது. சனம் கலைந்த ஒரு காலை வேளையில் கூட்டிச்சென்று தூரத்திலிருந்து கும்பிட வையுங்கள். தீர்த்தத்தைத் தலையில் தெளித்தால் போதும், குடிக்க வேண்டாம்.

முடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இப்போதைய மருந்துகளில் முடி மெலியலாம், முழுதாகக் கொட்டுவது அரிது. மெல்பலானுக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டிவிடும், சில மாதங்களில் திரும்ப முளைக்கும். “முடிதானே” என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. கொழும்புக்குப் புறப்படுமுன் கட்டையாக வெட்டிக்கொள்வதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகுமுன் பல் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல் பின்னர் தொற்றின் வாசலாகும். எலும்பைப் பலப்படுத்த ஸோலெட்ரோனிக் அமிலம் ஏற்றுகிறார்கள் என்றால், அது தொடங்குமுன்னரே பல் பார்ப்பது நல்லது. பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அங்கே இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் சோதிப்பார்கள். ஸ்டெம் செல்களை இரத்தத்துக்கு இழுக்கச் சில நாட்கள் ஊசி போடுவார்கள்; இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண் என்று வலிக்கும், அது எதிர்பார்த்த வலிதான். பிறகு இயந்திரத்தோடு சில மணி நேரம் இருக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் கலங்கள் வேண்டும்; ஒரு நாளில் சேராவிட்டால் அடுத்த நாளும் எடுப்பார்கள். அதைத் தோல்வியாக எண்ணிப் பதற வேண்டாம். மெல்பலான் ஏறும்போது ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருக்கச் சொல்வார்கள். வாய்ப்புண்ணை அது உண்மையிலேயே குறைக்கிறது, பல் கூசுகிறது என்று துப்பவிடாதீர்கள். உறையவைத்த கலங்களைத் திருப்பி ஏற்றும் நாளில் அவர் மூச்சில் பூண்டு மணப்பதுபோல ஒரு வாடை வரும். பாதுகாப்புத் திரவத்தின் வாடை அது, ஓரிரு நாளில் போய்விடும். கலங்கள் மச்சையில் ஊன்றி வேலை தொடங்கப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும்.

அங்கே யார் தங்குவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பெண்கள் வார்ட்டில் இரவில் ஆண்களைத் தங்கவிடமாட்டார்கள். கணவன் என்றாலும் அதுதான் வழமை. ஆகவே ஒரு பெண் துணை வேண்டும், சகோதரியோ வளர்ந்த மகளோ. தனியறைக் காலத்தில் அவரையும் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தலாம். நீங்கள் மஹரகமவில் அருகே ஒரு அறை எடுத்து, கொப்பியும் தொலைபேசியுமாக இருக்க வேண்டிவரும். சிங்களம் பேசத் தெரியாவிட்டால் காய்ச்சல், வலி, வாந்தி, மலம், மூச்சு என்ற இந்தச் சில சொற்களையாவது அவரும் துணைக்குப் போகிறவரும் பாடமாக்கட்டும். இரவுத் தாதியை அழைக்க அது போதும். பயணத்துக்கு இரவு பஸ்ஸைவிட ரயில் நல்லது, எழுந்து நடக்கலாம், முதுகு குலுங்காது. இருக்கையை முன்பதிவு செய்யுங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும் அறை வாடகை, பயணம், வெளியே எடுக்கச் சொல்லும் சோதனைகள் என்று காசு கரையும். அவர் அரச ஆசிரியை. அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் பரிந்துரை வேண்டும், காகிதங்கள் நகர நாளெடுக்கும். செலவு செய்துவிட்டு விண்ணப்பிப்பதைவிட இப்போதே விசாரிப்பது புத்தி.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், “இதோடு முற்றாகச் சுகமாகிவிடும்தானே என்று கேட்கிறாள், நான் ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ‘ஓம்’ எனக்கு உறுத்துகிறது. மாற்றுச் சிகிச்சை மயலோமாவை வேரோடு பிடுங்குவதில்லை. பலருக்குப் பல வருடங்கள் அடக்கி வைக்கிறது. அதன் பிறகும் லெனலிடொமைட் போன்ற ஒரு குளிசையைத் தொடர்ந்து கொடுப்பது வழக்கம், கிளினிக்கும் நிற்காது. மீண்டும் தலை தூக்கினால் கொடுக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு இதைத் தாங்கும் அறிவு இருக்கிறது. சொன்ன பொய்யை நீங்களாகத் திருத்தப் போய்த் தடுமாற வேண்டாம். அடுத்த கிளினிக்கில், டெக்ஸா எடுக்காத நாளாகப் பார்த்து, அந்தக் கேள்வியை அவரையே வைத்தியரிடம் கேட்க விடுங்கள். பதிலுக்கு முன்னர் நீங்கள் குறுக்கிடாதீர்கள்.